கரும்புள்ளி

ஸ்டெரிலைசர் பொருத்த வந்த இத்தாலிக்காரர்
லேப் மேசை இழுப்பறையில் விட்டுப்போனவை
நான்கு குறுந்தகடுகளுக்கான பெட்டி, உள்ளே மூன்று.
அட்டையில் ஏதோ ஓர் ஊரின் அரங்கம்,
கோட்டு போட்ட எண்பது பேர்.
ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

காவேரிப்பட்டணம் சாலையில்
தோத்தாபுரி லாரிகள் வரிசைகட்டும் ஜூன் மாதம்.
இரவு ஷிப்ட்.
பிரிக்ஸ் பதினான்கு, அமிலம் சரி,
பத்து கிராம் கூழைக் கண்ணாடித் தட்டில் பரப்பி
கரும்புள்ளிகளை எண்ணுவேன்.
தோலின் துகள், காம்பின் பால்கறை, கொட்டையின் சிராய்.
எட்டைத் தாண்டினால்
அந்த லாட்டுக்கு என் கையெழுத்து கிடையாது.

முதன்முதலில் தகட்டைப் போட்டபோது
பர்கூர் குவாரியில் சங்கு ஊதியதும்
காக்கைகள் கிளம்புவதுபோல்
வயலின்கள் மொத்தமாகக் கிளம்பின.
பாய்லர் திம்மராயன் எட்டிப் பார்த்தார்.
"யாருக்கு மேடம் சண்டை?"
சண்டை இல்லை, சிம்பொனி என்றேன்.
"அப்ப சமாதானம் எப்ப வரும்?"
மூன்றாம் பகுதியில் என்று
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

வந்தது.
ஒற்றைக் குழல்.
அதன் கீழே அத்தனை வில்லும் மூச்சடக்கி நிற்க
ஓர் இருமல்.

மேடையில் இல்லை. இடப்பக்கம், பின்வரிசை, ஆண்.
அடக்கப் பார்த்து முடியாமல்
கைக்குட்டைக்குள் பாதி, வெளியே பாதி.
அங்கே அப்போது பனிக்காலம் போலிருக்கிறது.

அந்தப் பருவம் முழுக்க
நான்காம் நிமிடம் பன்னிரண்டாம் நொடிக்குப்
பிப்பெட்டைக் கீழே வைத்துவிடுவேன்.
திம்மராயனும் வந்து நிற்பார்.
"ஆள் வந்தாச்சு" என்பார்,
விறகு தள்ளப் போய்விடுவார்.

போன வாரம் போனில் அதையே தேடிப் பிடித்தேன்.
அதே அரங்கம், அதே எண்பது பேர்,
புதிதாகச் சுத்தம் செய்த பதிவாம்.
குழல் வந்தது. விற்கள் அடங்கின.
நான்கு பன்னிரண்டு.
ஒன்றுமில்லை.
நீராவி விட்டுக் கழுவிய ஸ்டீல் தொட்டியின் பளபளப்பு.

முதலில் கோபம்தான்.
அப்புறம் அந்த ஆளை நினைத்துக்கொண்டேன்,
எங்கோ ஓர் அறையில் ஹெட்போன் மாட்டி
புள்ளி புள்ளியாகப் பொறுக்கி எடுத்தவரை.
என் தொழில்தான்.
என் மேசைக்கு வந்திருந்தால் நானும்
அந்த இருமலைத் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்.

"என்ன மேடம், இன்னைக்கு ஆள் லீவா?"
கதவில் திம்மராயன்.
பதில் சொல்லாமல் அடுத்த சாம்பிளைத் தட்டில் ஊற்றினேன்.
எட்டுப் புள்ளிகள்.
ஒன்பதாவது காம்பா, என் இமைமுடியா,
தெரியவில்லை.
விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்
கையெழுத்துப் போட்டேன்.