மூன்று நாற்பது

வடசேரியில், டயர் கடைக்கு மேல் அறையில்
நாங்கள் நான்கு பேர்.
ஐந்தாவது ஆள் ரெக்சலின், குவைத்திலிருந்து
லேப்டாப் திரையில்
உறைந்து, அசைந்து, மறுபடி உறைந்து.

'நீவாடு' என்று பேரிட்ட நிரலுக்கு
இது ஒன்பதாவது வருஷம்.
கரையின் பெயரை ஒரு எண்ணுக்கு அனுப்பினால்
காற்று எந்தப் பக்கம், அலை எத்தனை அடி,
அந்தக் கரையின் சொல்லிலேயே பதில் வரும்.
காசு கிடையாது. யாரும் திறந்து பார்க்கலாம்.
யாரும் திருத்தலாம் என்றும்
முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்.
திருத்தி அனுப்பியவர்களைக் காக்க வைத்தது நான்.
சாவி என்னிடம் இருந்தது.

ஜெனிற்றா வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டாள்.
"எல்லாத்தையும் ஒரே குடத்துல ஊத்தி வச்சிருக்கோம்.
மூணாப் பிரிக்கணும்.
கணக்கு ஒண்ணு, செய்தி ஒண்ணு, சொல்லு ஒண்ணு."
இரண்டு போதும் என்றான் தாணுமாலயன்.
அதற்கே ஒரு மணி நேரம்.
கீழே கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் தரை நடுங்கியது;
பேச்சை நிறுத்தி ரசவடையைப் பிய்த்தோம்.
ஒத்துவராத இடங்களில் மாகீன்
கேள்விக்குறி போட்டுக்கொண்டே போனான்.
பலகை முழுக்கத் தூண்டில் முள்.

பிறகு அந்த ஃபோல்டர்.
'பழசு_தொடாதே'.
பேர் வைத்தவள் நான்.
அதற்காகத்தான் புது வீட்டிலும்
பழைய சுவரை இடிக்காமல் வைத்திருந்தோம்.

"சவத்தத் தூக்கிப் போடலாம்" என்றான் தாணு.

நான் விடவில்லை. ஆள் இருக்கிறது என்றேன்.
பதிவேட்டைத் திறந்தேன்.
தினமும் விடியற்காலை மூன்று நாற்பதுக்கு
குறும்பனைக் காற்றைக் கேட்கிறார் ஒருவர்.
ஒன்பது வருஷம். ஒரு நாள் தவறியதில்லை.
அந்த ஒருவரை நினைத்துத்தான்
எத்தனையோ ராத்திரி சர்வரை எழுப்பி உட்கார வைத்தேன்
(அதை அவர்களிடம் சொல்லவில்லை).

ஜெனிற்றா குறும்பனைக்காரி.
திரையை மேலும் கீழும் உருட்டினாள்.
"ஞாயித்துக்கிழமையும் கேட்டிருக்காரே.
பெரிய வெள்ளிக்குமா?
எங்க ஊர்ல அன்னிக்கு யாரு கடலுக்குப் போவா?"

கம்ப்ரஸர் நின்றிருந்தது.

மாகீன் தடம் பிடித்துப் போனான்.
கேட்டது கைபேசி இல்லை.
எங்கள் சர்வரிலேயே ஒரு மூலை.
வேலை செய்கிறதா என்று பார்க்க
முதல் வருஷம் ஒரு ராத்திரி
நானே எழுதி நானே மறந்த
பத்து வரிச் சோதனை.

மூவரும் சிரித்து முடித்த பிறகு
குவைத்திலிருந்து ரெக்சலினின் சிரிப்பு
தனியாக வந்து சேர்ந்தது.
நானும் சிரித்தேன். கொஞ்சம் பிந்தித்தான்.

காத்துக்கிடந்த திருத்தங்கள் நாற்பத்தொன்று.
அடியில் கிடந்தது பதினொரு மாதப் பழசு,
இனையத்திலிருந்து.
இணையம் இல்லை, இனையம், ஊர்.
ஒரே ஒரு வரி:
'எங்க கரையில இந்தக் காத்துக்குக் கச்சான்னு சொல்லமாட்டோம்.'
அவர் தந்த சொல்லை அகராதியில் தேடி
இல்லை என்று ஒதுக்கியிருந்தேன்.
அகராதி எந்தக் கடலுக்குப் போயிற்று?

மூன்றா இரண்டா என்பது இன்னும் முடியவில்லை.
சர்வர் வாடகையை யார் கட்டுவது,
அதுவும் கேள்விக்குறியில்தான் தொங்குகிறது.
முடிந்தது ஒன்று:
சொற்கள் தனி. கரைக்கு ஒரு சாவி.
இனையத்துக்காரருக்கு முதலாவதை அனுப்பினோம்.
என் பெயருக்கு நேரே 'அனுமதிப்பவர்' என்றிருந்ததை
நானே அழித்தேன்.
ஒரு விசை. விரல் அதன்மேல்
ரொம்ப நேரம் இருந்தது.

கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஆட்டோவில் வீடு வந்தேன்.
விடியற்காலை விழிப்புத் தட்டியது, பழக்கம்.
மூன்று நாற்பதுக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

நாலு மணி தாண்டி இனையத்திலிருந்து ஒரு குறிப்பு:
'நான் அனுப்புன சொல்லுல
ஒரு எழுத்து தப்பு.
திருத்திட்டேன்.'

யாரிடமும் கேட்டிருக்கவில்லை.