தோன்றா எழுவாய்

‘இரவு ஷிஃப்ட் நிறுத்தப்படுகிறது.’
இப்படித்தான் முடிந்தது மூன்றாவது வரைவு.
முதல் இரண்டையும்
“இன்னும் கொஞ்சம் மென்மையா” என்று
திருப்பி அனுப்பினார் எம்.டி. சோமாஸ்கந்தன்.
மென்மையாக்கியதில்
‘நிர்வாகம்’ போயிற்று,
பிறகு ‘வருந்துகிறோம்’ போயிற்று,
‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ வந்து உட்கார்ந்தது
கல்யாணப் பந்தியில்
எந்த வீட்டார் என்று தெரியாத ஆள்போல.

கடலூர் சிப்காட்டில் அன்று நல்ல காற்று.
கேட்டில் ஒட்டிய தாளின் ஒரு மூலை
படபடவென்று அடித்துக்கொண்டது.
முதலில் படித்தவள் அஞ்சலாட்சி.
பேக்கிங். பதினோரு வருஷம்.
நீலச்சாயம் போகாத நகம்.
“யாருங்க நிறுத்துறது?”
“நிறுத்தப்படுது” என்றேன்.
“அதான், யாரு?”

சாப்பாட்டு மணிக்குள்
அந்த ஒரு வரிக்கு ஏழு உரைகள்.
கம்பெனிய குஜராத்காரனுக்கு வித்தாச்சு.
பாய்லர்ல விரிசல், மறைக்கிறாங்க.
அடுத்து பகல் ஷிஃப்ட்டுதான்.
கேன்டீனில் கானாங்கெளுத்திக் குழம்பு
பாதி அண்டா மிஞ்சியது.
தனக்கோட்டி என் மேஜைக்கு வந்து
பி.எஃப். ஃபாரம் கேட்டார்,
கேட்டுவிட்டு வாங்காமல் போனார்.

மூன்று மணிக்குக் கூட்டம்.
மும்பையில் பயிற்சி எடுத்தவர் எம்.டி.
எந்த வாக்கியத்தில் கையை விரிக்க வேண்டும்,
எங்கே புன்னகைக்க வேண்டும்,
எல்லாம் தெரியும்.
திரையில் ஏறுமுக அம்புகள்.
‘புதிய பயணம்’ என்ற இடத்தில்
கையை விரித்தார்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
அவள் மறுபடி எழுந்தாள்,
அதே கேள்வி, அதே இரண்டு சொல்.

விரித்த கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு மைக்கைக் கீழே வைத்தார்.

“திருப்பூர்ல ரெண்டு பெரிய பார்ட்டி
நம்ம சரக்கு வேணாம்னுட்டாங்க.
நைட் ஷிஃப்ட்ட நான்தான் நிறுத்துறேன்.
பிப்ரவரி வரைக்கும்.
அப்புறம் என்னன்னு எனக்கே தெரியல.”

யாரும் கைதட்டவில்லை.
ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார், சத்தமாகவே.
காலையிலிருந்து கேன்டீனுக்கும் கேட்டுக்கும்
அலைந்துகொண்டிருந்த கோபத்துக்கு
இப்போது ஒரு முகவரி கிடைத்திருந்தது.
அவர் நகரவில்லை.
“வேற?” என்று கேட்டுவிட்டு
நிஜமாகவே காத்திருந்தார்,
காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கும் அளவுக்கு.

“பகலுக்கு மாறினா
நெல்லிக்குப்பம் வண்டி எத்தனை மணிக்கு?”

அது எந்த ஸ்லைடிலும் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நான்காவது வரைவை அவர் பார்க்கவேயில்லை,
நானே அடித்தேன்:
‘இரவு ஷிஃப்ட்டை நிறுத்துகிறேன்.’
‘நான்’ என்று எழுதத் தேவைப்படவில்லை.
வினையின் வாலிலேயே ஆள் நின்றார்.
தன்மை ஒருமை விகுதி,
எட்டாம் வகுப்பில் உருப்போட்டது: ஏன்.
அதையேதான்
காலையிலிருந்து எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சலாட்சி படித்தாள். சிரிக்கவில்லை.
“பிப்ரவரிக்குக் கீழ
பேனாவால ஒரு கோடு போடுங்க” என்றாள்.
போட்டேன்.
“அழுத்தி.”