உப்பிட்ட சாலை

டெல்பர்ட் போனில் சொன்னது இவ்வளவுதான்:
"சங்கக் கட்டடத்துக்கு வா, ஒரு வண்டியை இழுக்கணும்."
என்ன வண்டி என்றேன்.
"வெளிநாட்டுது" என்றார்,
வாசலில் ஏதோ செத்துக் கிடப்பதைப்போல.

டொலீடோவில் ஜனவரி.
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
இழுவை லாரி ஓட்டுகிறவன் கேள்வி கேட்பதில்லை,
கொக்கியை மாட்டுவான், ரசீதைக் கிழிப்பான்.
இந்த லாரியின் எஞ்சின் எந்த நாட்டுது என்று
இதுவரை என்னையும் யாரும் கேட்டதில்லை.

சங்க வாசலில் அந்தப் பலகை
நான் ஓட்டக் கற்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது.
அயல்நாட்டு வண்டிகள் அப்புறப்படுத்தப்படும்,
செலவு உரிமையாளரைச் சேரும்.
பாதி எழுத்தைத் துரு தின்றுவிட்டது.
மீதி ஊருக்கே மனப்பாடம்.

உள்ளே கசிமிர் ருட்னிக்கின் நினைவு விருந்து.
முப்பத்தொரு வருஷம் கதவு வெல்டிங்.
ஜன்னல் வழியே அவர் படமும்
ஒரு பெரிய பாத்திரம் உருளைக்கிழங்கு சாலட்டும் தெரிந்தன.

வெளியே நாலு விரல் பனி.
பனி மூடினால் எல்லா வண்டியும் ஒரே ஜாதி.
கண்ணாடியின் மூலையைச் சுரண்டி
உள்ளே பதித்திருந்த எண்ணைப் படித்தேன்.
ஒன்றில் தொடங்கியது. என்றால் இந்த நாட்டில் பிறந்தது.
பக்கத்தில் டெல்பர்ட்டின் பிக்கப்.
மூன்று. மெக்சிகோ.
எனக்கு இது புதிதில்லை, அவருக்கும் புதிதில்லை.
தெரியாததுபோல் இருக்கத்தான்
ஒரு பலகை வேண்டியிருக்கிறது.

கோட்டு போடாமல் ஒரு பெண் ஓடிவந்தாள்,
கையில் காகிதத் தட்டு.
ஜெனீன், கசிமிரின் மகள்.
அதே தொழிற்சாலையில் இருந்தவள்தான்,
ஆட்குறைப்பில் போனவள்.
இப்போது தெற்கே இரண்டு மணி நேரம் தள்ளி
ஜப்பான் பெயர் தாங்கிய கூரைக்கடியில்
கதவுக்கு ரப்பர் வைக்கிறாள்.

"ஆறு வருஷம் இதை அவர் வீட்டு வாசலில் ஏற்றவிடலை.
எதிர்வீட்டோரம் நிறுத்திட்டு
தெருவைத் தாண்டிப் போய்ச் சாப்பிடுவேன்.
கடைசியில் ஆஸ்பத்திரிக்கு இதில்தான் வந்தார்.
ஏறி உட்கார்ந்தவர்
கதவைச் சாத்தினதும் என்னைப் பார்த்தார்.
திறந்து இன்னொரு தடவை சாத்தச் சொன்னார்.
சாத்தினேன்.
ஒண்ணும் சொல்லலை.
தலையை மட்டும்..."
அவள் ஆட்டிக் காட்டவில்லை,
தட்டிலிருந்த பன்றி இறைச்சி
பனியில் விழுந்தது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
யார் இட்டது? மூடிய ஆலையா,
புதிதாய்த் திறந்த ஆலையா,
இல்லை, மாசாமாசம் தவணை வாங்கிக்கொள்ளும் வங்கியா?
இங்கே இரவெல்லாம் உப்பிடுவது நகராட்சி.
சாலை முழுக்க இட்டு வைத்திருக்கிறது.
அது உள்ளூர், அயலூர் பார்க்காமல்
சக்கர வளைவிலிருந்து தின்னத் தொடங்கும்.

டெல்பர்ட் வெளியே வந்தார்.
கொக்கியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.
"உன் அப்பனுக்குத் தெரிஞ்சா
என்னைத்தான் இழுத்துட்டுப் போகச் சொல்லியிருப்பான்."
சிரிப்பா இருமலா, தெரியவில்லை.
வந்ததற்கு என்று நாற்பது டாலர் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
துக்க வீடானாலும் டீசல் டீசல்தான்.
ஒரு தட்டு சாப்பிட்டும் போனேன்.

வீட்டில் என் சொந்தக் கார்
தரையில் ஓட்டையோடு நிற்கிறது.
குளம்பில் கால் வைத்ததுபோல் மழைத்தண்ணீர் உள்ளே வரும்.
சாப்பாட்டு மேசையில் வெண்டி
இரண்டு விளம்பரப் புத்தகங்களை வைத்திருந்தாள்,
ஒன்று இங்கத்திய பெயர், ஒன்று அங்கத்திய பெயர்.
மூவாயிரம் டாலர் வித்தியாசம்.
"எதுன்னு சொல்லு" என்றாள்.

இரண்டையும் புரட்டினேன்.
வழவழத்த தாள். மலைப்பாதை, சூரியன்,
யாருமே வேலை செய்யாத ஓர் உலகம்.
கதவின் சத்தத்தை
எந்தப் பக்கத்திலும் அச்சடித்திருக்கவில்லை.

சனிக்கிழமை போகலாம் என்றேன்,
இரண்டு கடைக்கும்.