பலத்த காற்று

டேரியனில், இறால் படகுகள் கட்டும் துறைக்கு எதிரே
ஒற்றை ஜன்னல் அறை என் அலுவலகம்.
மேசைக்குக் கப்பல்கள் வருவதில்லை.
அவை போன தடம் வரும்,
திரையில் புள்ளி புள்ளியாக.
புள்ளிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இந்த நீரில், இந்த மாதங்களில்
பத்து நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது.
அவை குட்டி ஈன வந்திருக்கின்றன.
முதுகில் துடுப்பில்லை. கருப்பு.
இரவில் தண்ணீரோடு தண்ணீர்.
குட்டி நெடுநேரம் முங்காது,
அதற்காகத் தாயும் மேலேயே கிடக்கும்.

'ஆல்வா மெரிடியன்', ஜனவரி பதினான்கு,
பின்னிரவு இரண்டரை:
பதினேழு புள்ளி இரண்டு.
காரணம் என்ற கட்டத்தில் கேப்டனின் அழகான கையெழுத்து.
பலத்த காற்று. பாதுகாப்பு கருதி.

பதின்மூன்று ஜொனெல்லின் பிறந்தநாள்.
படகுத்துறைப் பலகையில் வைத்து
பதினொரு மெழுகுவத்தி ஏற்றினோம்.
ஒரு சுடர்கூடத் தலையாட்டவில்லை.
பின்னிரவுக்கு மிதவையின் காற்றுமானியைக் கேட்டேன்.
மூன்று என்றது.

முழுப் பூசணிக்காயையாவது
சோற்றில்தான் மறைப்பார்கள்.
இங்கே நான்கு சொல் போதும்.

வியாழக்கிழமை மணலில் ஒதுங்கிய குட்டிக்கு
இந்தக் கப்பல்தானா, தெரியாது.
அது என் வேலையுமில்லை.
வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையே அளந்த ட்ரூயெட் சாப்
டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுக்
கை கழுவிக்கொண்டே இருந்தார்,
குழாயை மூடச் சொல்லும்வரை.

அதே இரவில் இன்னொரு தடம். 'ஸோல்வெய்க்'.
ஒன்பது புள்ளி எட்டு, விடியும்வரை,
இழுத்துக் கட்டிய நூல் மாதிரி.
ஓதத்தைத் தவறவிட்டு
ஏழு மணிநேரம் வெளியே நங்கூரமிட்டுக் கிடந்திருக்கிறது.
அதற்குக் கோப்பு கிடையாது.
கம்பெனி யாரைத் திட்டியது,
அந்த இருட்டில் எது மூச்சுவிட்டு விலகிப் போனது,
ஒன்றும் என்னிடம் வராது.
தடத்தை மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.
வேலை நேரத்தில்தான்.

மாலை, பதினேழாம் நெடுஞ்சாலை.
பள்ளிக்கூட வாசலில் ஜொனெல் காத்திருப்பாள்.
பின்னால் நீல விளக்கு சுழன்றது.
நாற்பத்தைந்தில் அறுபத்தொன்று, அம்மா.
என்ன அவசரம்?
வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல்.
உரிமத்தை நீட்டினேன்.
சாலையின் இரு பக்கமும்
ஓக் மரங்களில் பாசி
நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.