பதினேழு படி

வார்டோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதி கடந்துதான் திரும்பும்.
அந்த இடைவெளியில்தான் நாங்கள்
நிறம் கலக்கக் கற்றுக்கொண்டோம்.
சிரிக்காதீர்கள்.

தீயணைப்பு நிலையத்து மாடி. செவ்வாய்தோறும் ஏழு மணி.
தலைக்கு மேல் மூன்று மஞ்சள் குண்டு பல்புகள்.
ட்யூப்களை வாங்கி வந்தவள் மருந்துக்கடை ரிஸ்தன்,
எங்களைவிடச் சரியாக ஒரு பாடம் முன்னால் இருந்தவள்.
“கறுப்பு ட்யூப் கிடையாது” என்றாள்.
“அல்ட்ராமரீன் நீலத்தையும் சுட்ட அம்பரையும்
சண்டைக்கு விடுங்கள். இருட்டு தானாக வரும்.”
வெளியே ஏற்கெனவே வந்திருந்தது.

பனி வாரும் வண்டி ஓட்டும் ஐலிஃப்
வெளிர்நீலம் வேண்டுமென்று
நீலத்தில் வெள்ளையைச் சேர்த்தான். போதவில்லை.
இன்னும் வெள்ளை. இன்னும்.
ஒரு ட்யூப் தீர்ந்து தட்டில் குன்று எழுந்தது,
தெருவோரம் அவன் குவித்துவைப்பதைப் போலவே.
வெள்ளையில்தான் துளி நீலம் சேர்க்க வேண்டும் என்பது
அடுத்த வாரப் பாடத்தில் இருந்தது.

அக்ரிலிக் யாருக்கும் காத்திருக்காது.
காபி ஊற்றித் திரும்புவதற்குள் தோல் கட்டிவிடும்.
ஐஸ்கிரீம் டப்பா மூடியில் ஈரத்துணி,
மேலே பேக்கிங் தாள், அதன்மேல் வண்ணம்:
இப்படி வைத்தால் மறுநாள்வரை உயிரோடிருக்கும்.
ஈரத்தில் ஒன்று சொல்லும்,
காய்ந்ததும் ஒரு பிடி கறுத்து வேறொன்று சொல்லும்,
துறைமுக அலுவலகத்தில் தினமும் நான் பார்க்கும்
படகு முதலாளிகள் மாதிரி.

அல்ஃபில்ட் குளிர்காலம் முழுக்க
ஒரே பிளாஸ்கை வரைந்தாள். நான் எதிர்வீட்டை.
அதன் சுவர் பச்சை என்று எல்லோரும் சொன்னார்கள்.
தெருவிளக்கில் அது நனைந்த அட்டைப்பெட்டி.
மஞ்சள், நீலம்,
பச்சை திமிறாமல் அதட்டிவைக்க ஒரு பொட்டுச் சிவப்பு.
நீர்த்து நீர்த்துப் பூசிய ஏழாவது பூச்சில்
சுவர் வந்துவிட்டது.
எனக்கு நானே கைகொடுத்துக்கொள்ளத் தோன்றியது.

பிறகு அந்த நாள்.
கோட்டையில் பீரங்கி முழங்கியது.
பிள்ளைகளுக்கு விடுமுறை.
படங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கினோம்.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பியிருந்தோம்.
பல்பின் மஞ்சளை முறிக்க ஐலிஃப் சேர்த்த நீலமெல்லாம்
இப்போது எழுந்து நின்றது:
அவன் பனி, நீலம் அதிகம் போட்டு அலசிய சட்டை.
அல்ஃபில்டின் பிளாஸ்க்
அடிபட்ட முழங்காலாய்க் கன்றியிருந்தது.
என் சுவரும் எதிரே நின்ற சுவரும்
முன்பின் தெரியாதவர்கள்போல் பார்த்துக்கொண்டன.

“இந்தச் சாட்சியையும் நம்பாதே” என்றாள் அல்ஃபில்ட்.
“அடிவானத்துச் சூரியன். அதுவே ஆரஞ்சு.”

இங்கேயே கலந்துவிடலாம் என்று
ரிஸ்தன் கையுறைமேல் கொஞ்சம் பிதுக்கினாள்.
மைனஸ் பன்னிரண்டு.
வண்ணம் படியவில்லை, ரவைபோல் உதிர்ந்தது.
வெளிச்சம் இருந்த இடத்தில் சூடு இல்லை.
சூடு இருந்த மாடியின் ஒரே ஜன்னல்
வடக்கே பார்த்தது.

யோசனை ஐலிஃபுடையது:
ஆளுக்கொரு நிறத்தைக் கண்ணில் எடுத்துக்கொண்டு
மேலே ஓட வேண்டும்.

கண்ணில் நீர் கட்டும்வரை சுவரைப் பார்த்தேன்.
உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தியவளாக ஓடினேன்.
பதினேழு படி.
ஐந்தில் அதிலிருந்த சாம்பல் சிந்தியது.
ஒன்பதில், பலகை இடுக்கில் எட்டிப்பார்த்த
பழைய பூச்சின் நீலம்.
பன்னிரண்டாம் படியில் என்னிடம் மிஞ்சியது
‘பச்சை’ என்ற சொல் மட்டும்.

மூடியைத் திறந்தேன்.
தாளில் வண்ணம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.
“போய்விட்டது, போய்விட்டது!” என்று
கீழேயிருந்து ஐலிஃப் சூரியனைச் சொன்னான்.

நாளைக்குக் கூடுதல் நேரம் நிற்குமாம்.
இறங்கும்போது,
இரண்டிரண்டு படியாகத் தாவ முடியுமா என்று
கைப்பிடியைப் பிடிக்காமல் பார்த்தேன்.