வயிற்றெரிச்சல்

ஈசல்மியில் நவம்பர் என்றால்
மூன்றரை மணிக்கே இருட்டு.
கடையின் கடைசி வரிசையில்
காப்பிப் பொட்டலங்களின் முதுகைப் படித்துக்கொண்டு நிற்கிறேன்,
மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
மேல்முறையீட்டுத் தீர்ப்பைப் படிப்பவளாக.

முப்பது வருடம் தபால் வண்டி ஓட்டினேன்.
நாளுக்கு ஒன்பது கோப்பை,
எல்லாம் வெளிர் வறுவல்,
எலுமிச்சை பிழிந்த மாதிரி பளிச்சென்று.
இந்த ஊரில் அதுதான் காப்பி. மற்றதெல்லாம் கரி.
இப்போதோ இரண்டாவது வாயிலேயே
மார்பெலும்புக்குக் கீழே
யாரோ தீக்குச்சி உரசுகிறார்கள்.

நிறுத்திவிடுங்கள் என்றார் மருத்துவர்.
சின்னப் பெண்.
மூச்சை நிறுத்தச் சொன்னாலும்
இதே குரலில்தான் சொல்வாள்.

அதனால் படிக்கிறேன்.
ஒரு பொட்டலத்தில் பச்சை இலை முத்திரை,
உரமில்லை, மருந்தில்லை, இயற்கை விளைச்சல்.
கடைப்பையன் ஏத்து நேர்மையானவன்.
"அது மண்ணுக்கு நல்லது, ரைலா.
உங்கள் வயிற்றைப் பற்றி அந்த இலை
வாயே திறக்கவில்லை."
புளிப்பு வேறு கணக்காம்:
எந்த மலை, எத்தனை உயரம்,
எவ்வளவு நேரம் நெருப்பைத் தாங்கியது.
சுமத்ராவின் கொட்டை, நாலாம் எண் வறுவல்.
இலையும் இருந்தது. விலையும்.

வீட்டில் வடித்தேன்.
மழையில் நனைந்த மரப்பட்டை மணம்.
ஒரு வாய். ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தேன்.
தீக்குச்சி வரவில்லை.
வயிற்றில் பால் வார்த்தது என்பார்களே,
நான் பாலே ஊற்றவில்லை.

சனிக்கிழமை தௌனோவின் அடக்கம்.
பதினாறு வருடம் எனக்குக் கணவன்,
பிறகு இருபத்திரண்டு வருடம் மர்கெட்டாவுக்கு.
தேவாலயக் கூடத்தில் நீள மேசை,
ஏலக்காய் ரொட்டி,
கூஜா கூஜாவாக அதே வெளிர் வறுவல்.
இங்கே சாவுக்கு வந்து காப்பியை மறுப்பது
செத்தவரையே மறுப்பது.
நான் வேண்டாமென்றால் என்ன பேசுவார்கள் என்று தெரியும்:
ரைலாவுக்கு இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.
வாஸ்தவம்தான்.
மாத்திரைச் சீட்டுகூட வைத்திருக்கிறேன்.

கைப்பையில் என் குடுவை.
மேசைவிரிப்பின் மறைவில்
கள்ளச் சாராயம்போல் ஊற்றிக்கொண்டிருந்தபோது
மர்கெட்டா பார்த்துவிட்டாள்.
கூடத்தின் குறுக்கே நேராக வந்தாள்,
கறுப்பு உடையில், யாருக்கும் தலையசைக்காமல்.
இத்தனை தேடிப் புளிப்பில்லாததாக வாங்கியும்
என் வயிற்றில் புளி கரைந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தாள்.
தன் கோப்பையில் இருந்ததை
லில்லித் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.
வெறும் கோப்பை
விரிப்புக்கு அடியில் என் முழங்காலில் இடித்தது.
"எட்டு மாதம்," என்றாள்,
"ஆஸ்பத்திரி எந்திரத்துக் காப்பி.
ராத்திரி ராத்திரியாக. அவன் தூங்கினான். எனக்கு எரிந்தது."

ஊற்றினேன்.
குடித்தாள். லில்லியைப் பார்த்தபடி
அவளும் காத்திருந்தாள்,
எதற்கென்று எனக்குத் தெரியும்.

"அவனுக்குப் பிடித்திருக்காது."
"கரி என்பான்."
"முகத்தைச் சுளித்துக்கொண்டு."
"இடது பக்கமாக."

பாட்டுத் தாளைத் திருப்பினாள்;
முன்பக்கம் தௌனோ, படகில், தொப்பியோடு.
பேனா கேட்டாள்.
"எந்த எண்?"
நாலு என்றேன்.
எழுதிக்கொண்டாள்.
"இலை போட்டதா?"
"இலை போட்டதுதான்.
ஆனால் இலையை நம்பி வாங்காதே,
நான் சொல்கிறேன், கேள்..."
அதற்குள் போதகர் எழுந்து
கரண்டியால் கோப்பையைத் தட்டினார்.