தொண்ணூற்று நாலு டிகிரி

கோயம்புத்தூர்க்காரர் போனில் சொன்ன விலை
நாற்பத்தெட்டாயிரம், ஜிஎஸ்டி தனி.
மரியசெல்வம் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு
டீக்குச் சில்லறை எண்ணினாள்.
எங்களிடம் இருந்தது இரண்டாயிரத்து முந்நூறும்
இருபது பெஞ்சுக்கு ஆர்டரும்.
பெஞ்சுக்கு நாலு வளைவு. ஆக எண்பது.
ஜூன் மூணாந்தேதி திருநகரில்
பள்ளிக்கூடம் திறக்கிறது.

முதலில் மரத்தில் வளைத்துப் பார்த்தோம்.
சிரிக்காதீர்கள்.
புதூர் ஐடிஐயில் பிட்டர் முடித்த இரண்டு பேர்
வேம்பின் கவட்டையில் ஒரு இஞ்சுக் குழாயைச் சொருகித்
தொங்கினோம்.
குழாய் வளையவில்லை, மடிந்தது,
மென்று துப்பிய முருங்கைக்காய் மாதிரி.

சிம்மக்கல் நாகூர்கனி கடையில்
மாவுமில் புல்லி ஒன்று, விளிம்பு உடைந்தது, ஆறரை கிலோ.
லாரி பேரிங் இரண்டு:
ஒன்று செத்தது, ஒன்று சாகப்போவது.
"மில்லு வைக்கப் போறீங்களாம்மா?"
ஆமாம் என்றோம், விலை குறைப்பார் என்று.
குறைக்கவில்லை. சங்கிலித் துண்டு ஒன்றைச்
சும்மா கொடுத்தார்.
அதற்கு இன்னும் வேலை கண்டுபிடிக்கவில்லை.

புல்லியின் பள்ளம் கூம்பல்,
குழாய் உருண்டை.
இருவருக்கும் சமாதானம் பேச
உருண்டை அரத்தோடு ஒன்பது ராத்திரி.
மூக்கைச் சிந்தினால் கருப்பு.

எதில் வைத்து முறுக்கினாலும்
குழாயோடு சேர்ந்து பட்டறையும் திரும்பியது.
ஜெய்ஹிந்த்புரத்துத் தகரக் கொட்டகை, அதுவும் வாடகை.
அப்போதுதான் தெருமுனை அடிபம்பைப் பார்த்தாள்
மரியசெல்வம்.
தண்ணீர் நின்று ஆறு வருஷம்,
கைப்பிடி திருடு போய் நாலு.
கழுத்து மட்டும் காங்கிரீட்டில், அசையாமல்.
அதன் தலையைக் கழற்றினோம்.
அதே போல்ட் ஓட்டைகளில்
புல்லியை உட்கார வைத்தோம்.
போர்வெல் குழாய் ஏழடி, அதுதான் நெம்புகோல்.
கவுன்சிலர் வீட்டு ஆள் வண்டியை நிறுத்தினார்.
"ரிப்பேரா?"
"ரிப்பேருங்க."

இனி மணல்.
உள்ளே மணல் இறுகினால்தான்
குழாய்க்கு வயிறு ஒட்டாது.
வைகையில் அள்ளினால் போலீஸ்.
எம்-சாண்ட் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்தது.
ஈரமணல் பாதி வழியில் நின்றுவிடும்.

பழங்காநத்தம் ரவுண்டானாவில்
ஒச்சம்மாள் கடலை வறுக்கிற சட்டியில்
ஒரு சொட்டு ஈரம் அறியாத மணல்,
தினமும் வறுத்தது, தினமும் சலித்தது.
கேட்டதும் அள்ளிக் கொடுத்தாள்.
"வண்டிக் கைப்பிடி உள்ளங்கையக் குத்துது,
அதயும் வளைச்சுக் குடு.
ஆறு மணிக்குள்ள மணல் வந்துரணும்."

முதல் குழாய்.
இரு முனையிலும் மரக்கட்டை.
ஏழடியின் நுனியில் நான், எனக்கு முன்னால் அவள்.
சாகப்போகிற பேரிங் முனகியது.
மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் திருடிய பாகைமானியை வைத்தேன்:
சரியாகத் தொண்ணூறு.
கையை விட்டோம்.
எண்பத்தாறு.

மரியசெல்வம் பம்புத் திண்டில் உட்கார்ந்தாள்.
கொஞ்சநேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சாக்பீஸால் பம்பின் கழுத்தில் எழுதினாள்: 94.
வேண்டியதைவிட நாலு கூட.
கடன் கேட்கும்போதும் அதே கணக்குத்தான் என்றாள்.

இரண்டாவது நின்றது.
உள்வளைவில் மட்டும் ஒரு சின்னச் சுருக்கம்.
பெஞ்சுக்கு அடியில் வரும், பெரியவர்களுக்குத் தெரியாது.
பிள்ளைகள் கணக்குப் பீரியடில்
விரலால் கண்டுபிடிப்பார்கள்.

செலவு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது,
டீ சேர்க்காமல்.

ஆறு மணிக்கு மணலைக் கொண்டுபோனேன்.
சலித்துப் பார்த்துவிட்டு அடுப்பில் ஏற்றினாள்.
அன்றைய கடலையில் லேசாக இரும்பு வாசம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நான் இரண்டு பொட்டலம் வாங்கினேன்,
ஒன்றுக்குத்தான் காசு எடுத்துக்கொண்டாள்.